கியர் இல்லாத வண்டிக்கும் கியர் ஆயில் உண்டு

(பாளையம்பட்டியில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்களுக்காக எங்கள் குழு பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை என்று இந்த இடத்தில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதென்ன, பொம்பளைக கூட்டத்துல மெக்கானிக் பேச்சு"ன்னு யாரும் நினைக்க வேண்டாம். கடன் போட்டு வாங்கிய வண்டி நின்று போனால் தவணையும் நின்று போகும். அதனால் இதுவும் நம்ம கணக்குப் பேச்சுதான்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். ஏழு பேரிடம் ஸ்கூட்டி இருக்கிறது. ரெண்டு பேரிடம் எக்ஸ்.எல். 2018-ஆம் வருசம் பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் பாதி விலை அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை மானியமாகக் கொடுத்தார்கள். அதில் வாங்கியவர்கள் சிலர். அந்தத் திட்டம் இப்போது இல்லை. மற்றவர்கள் குழுக் கடனில் வாங்கினார்கள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது, நல்லதுதான். ஆனால் விடியாத நேரத்தில் பூப்பறிக்கப் போகவும், பறித்த பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டு போகவும் எந்த பஸ் நமக்காகக் காத்திருக்கும்? அதுக்குத்தான் வண்டி.

அந்தப் பூவால்தான் எங்களுக்கு இந்தப் பாடமே வந்தது.

நடந்தது என்ன?

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி மல்லிகைத் தோட்டம் குத்தகைக்குப் பிடித்திருக்கிறாள். இருட்டோடு போய்ப் பறித்து, விடிந்ததும் அருப்புக்கோட்டை மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். மல்லிகைக்கு நேரம்தான் விலை. மொட்டாக இருக்கும்போது ஒரு விலை, வெயில் ஏறினால் வேறு விலை. இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு நாள் காலையில் பூ மூட்டையோடு திருச்சுழி ரோட்டில் வந்துகொண்டிருந்தவளுக்கு, திடீரென்று வண்டி "உர்ர்"ன்னு கத்துகிறது, சக்கரம் மட்டும் நகரவில்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான். மூட்டையோடு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். பூ போய்ச் சேரும்போது பாதி மலர்ந்து போச்சு. அன்றைய கூலிக்கே கட்டவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தால், உள்ளே பெல்ட் அறுந்து துண்டு துண்டாகக் கிளட்சைச் சுற்றிக் கிடக்கிறது. பின் சக்கரத்துப் பக்கம் கியர் ஆயிலை இறக்கச் சொன்னால், ஒரு கரண்டிகூட வரவில்லை. வந்ததும் கரி மாதிரி இருந்தது. "எப்பம்மா கடைசியா கியர் ஆயில் மாத்துனீங்க?" என்று மெக்கானிக் கேட்டிருக்கிறார். "இது கியர் இல்லாத வண்டியாச்சே அண்ணே, கியர் ஆயில் எதுக்கு?" என்று இவள் கேட்டிருக்கிறாள். வண்டி வாங்கி ஐந்து வருசம். செலவு ஐயாயிரத்தைத் தாண்டியது. அடுத்த ரெண்டு தவணை கட்ட முடியவில்லை.

குழுக் கூட்டத்தில் முதலில் அவளைத்தான் கடிந்துகொண்டோம். பிறகு ஒரு அக்கா கேட்டார்: "சரி, நம்மில் எத்தனை பேர் கியர் ஆயில் மாத்தியிருக்கோம்?" ஏழு ஸ்கூட்டியில் ரெண்டு பேர்தான் கை தூக்கினார்கள். அந்த ரெண்டு பேருக்கும் சர்வீஸில் மாற்றினார்களா, பில்லில் மட்டும் எழுதினார்களா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு வெட்கமாகப் போச்சு. அன்றிலிருந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம்.

ஓட்டக் கற்றோம், பார்க்கக் கற்கவில்லை

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் மிதித்தார்கள். கேலி பேசினவர்கள் பேசினார்கள், பெண்கள் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு நம் பிள்ளைகள் ஸ்கூட்டியில் காலேஜுக்குப் போவதற்கு அந்த மாதிரி வேலைகளெல்லாம் அஸ்திவாரம்.

ஆனால் சைக்கிளில் செயின் கழன்றால் நாமே மாட்டினோம். ஸ்கூட்டி வந்ததும் அந்தப் பழக்கம் விட்டுப் போச்சு. எல்லாம் கவருக்குள் மூடியிருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஓடுது. நின்று போனால் "வீட்டுக்காரர் வரட்டும்" என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

கியர் இல்லாத வண்டி என்று சொல்வது, நாம் கையாலோ காலாலோ கியர் மாற்ற வேண்டியதில்லை என்பதற்காகத்தான். மாற்றுகிற வேலை உள்ளே தானாக நடக்கிறது. அதற்குப் பெயர்தான் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்.

மாவு மில்லில் மோட்டாரிலிருந்து பெல்ட் போட்டு இயந்திரத்தைச் சுற்ற விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கூட்டியிலும் அதே மாதிரி ஒரு ரப்பர் பெல்ட்தான். முன்னால் எஞ்சின் பக்கம் ஒரு ஜோடித் தட்டு, பின்னால் சக்கரத்துப் பக்கம் ஒரு ஜோடித் தட்டு. நடுவில் பெல்ட். மில்லுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். இந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கவும் விலகவும் செய்யும்.

வண்டி கிளம்பும்போது முன் தட்டுகள் விலகி இருக்கும். பெல்ட் அதில் ஆழமாக இறங்கி, சின்ன வட்டமாகச் சுற்றும். பின்னால் பெரிய வட்டம். இது இழுக்கிற கியர். வேகம் ஏற ஏற, முன் தட்டுக்குப் பின்னால் இருக்கிற ரோலர் என்ற சின்ன உருளைகள் சுற்றுகிற வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு, தட்டை நெருக்கும். பெல்ட் விளிம்புக்கு ஏறும். பின்னால் வட்டம் சின்னதாகும். இது ஓடுகிற கியர். முதல் கியர், ரெண்டாவது கியர் என்று படி கிடையாது, சறுக்குப் பாதை மாதிரி வழவழவென்று மாறும்.

அடுத்தது கிளட்ச். ராட்டினம் சுற்றும்போது தொங்குகிற நாற்காலிகள் வெளிப்பக்கம் விரிந்து போகுமே, அது போலக் கிளட்சில் உள்ள கட்டைகள் வேகத்தில் விரிந்து, சுற்றியிருக்கிற கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் சக்கரம் சுற்றும். ஆக்சிலேட்டரை விட்டால் கட்டைகள் சுருங்கிவிடும். அதனால்தான் வண்டி ஆஃப் ஆகாமல் நிற்கிறது.

கடைசியாக, பின் சக்கரத்தை ஒட்டி ஒரு சின்னப் பெட்டிக்குள் உண்மையான பல்சக்கரங்களே இருக்கின்றன. கியர் இல்லாத வண்டியின் கியர் அதுதான். அது ஆயிலில் மிதக்க வேண்டும். பெல்ட் இருக்கிற இடம் மட்டும் காய்ந்தே இருக்க வேண்டும். அங்கே ஆயிலோ கிரீஸோ பட்டால் பெல்ட் வழுக்கும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து அறை, ஆனால் குணம் வேறு.

இந்த பெல்ட் முறையை 1958-இல் நெதர்லாந்து நாட்டில் டாஃப் என்ற கம்பெனி காரிலேயே போட்டு அறிமுகப்படுத்தியது. நம் நாட்டில் 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில்தான் இது வீட்டு வாசலுக்கு வந்தது. 2001-இல் ஆக்டிவா வந்தபிறகு ஊர் ஊராகப் பரவியது.

வண்டி முன்கூட்டியே சொல்லும்

பூக்காரத் தங்கச்சியிடம் நாங்கள் விசாரித்தோம். "அறுந்து போறதுக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்டோம். யோசித்துப் பார்த்துச் சொன்னாள்: மூணு மாசமாக் கிளம்பும்போது ஒரு நடுக்கம். மூட்டை வைத்தால் ரப்பர் கருகுற வாசம். பெட்ரோல் கூடக் குடித்தது. எல்லாமே தெரிந்திருக்கிறது, அர்த்தம்தான் தெரியவில்லை. அதனால் அர்த்தத்தை இங்கே சொல்கிறோம்.

கிளம்பும்போது மட்டும் வண்டி நடுங்கினால், கிளட்ச் கட்டை அல்லது கிண்ணம் தேய்ந்திருக்கலாம், மினுமினுப்பாகியிருக்கலாம்.

சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால், பெல்ட் வழுக்குகிறது அல்லது கிளட்ச் பிடிக்கவில்லை.

ரப்பர் கருகுகிற வாசம் வந்தால், பெல்ட் சூடாகிறது. அன்றைக்கே சுமையைக் குறையுங்கள். அந்த வாரமே காட்டிவிடுங்கள்.

இடது பக்கக் கவருக்குள் "டொக் டொக்" என்று அடித்தால், ரோலர் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகியிருக்கலாம், பெல்ட்டும் கிழிந்திருக்கலாம்.

பின் சக்கரத்துப் பக்கம் "உய்ங்" என்று ஊளைச் சத்தம், வேகத்தோடு கூடிக்கொண்டே போனால், கியர் ஆயில் குறைந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம்.

பின் சக்கரத்து ரிம்மில் ஆயில் பூசின மாதிரி இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் ஒழுகி பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. இது செலவுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

கியர் ஆயில் மாற்றுவது எப்படி?

இது நாமே வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை. வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் மட்டும் கம்பெனி சர்வீஸிலேயே மாற்றி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு இதோ முறை.

முதலில் வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுங்கள். என்ன ஆயில், எத்தனை மில்லி, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அதில் இருக்கும். பல ஸ்கூட்டிகளுக்கு 100 மில்லியிலிருந்து 130 மில்லிக்குள்தான் பிடிக்கும். ஒரு டீ டம்ளர் அளவு. இவ்வளவு கொஞ்சம் என்பதால்தான் அது குறைந்தாலும் கெட்டாலும் உடனே சேதம். உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் உள்ளதுதான், பக்கத்து வீட்டு வண்டியின் அளவு இல்லை.

1. அஞ்சு நிமிசம் வண்டியை ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் லேசாகச் சூடானால் முழுசாக இறங்கும். சமதரையில் மெயின் ஸ்டாண்டு போடுங்கள். சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சைலன்சரில் கை படாமல் பாருங்கள்.

2. பின் சக்கரத்தை ஒட்டிய பெட்டியில் ரெண்டு போல்ட் இருக்கும். மேலே உள்ளது ஊற்றுகிற போல்ட், கீழே உள்ளது இறக்குகிற போல்ட். சுற்றியுள்ள மண்ணை முதலில் துணியால் துடையுங்கள். நம்ம கரிசல் மண் ஒரு துளி உள்ளே போனாலும் பல்லை அரிக்கும்.

3. மேல் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அது கழலவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். கீழே இறக்கிவிட்டு மேலே ஊற்ற முடியாமல் போனால் வண்டி வீட்டிலேயே கிடக்கும்.

4. கீழே ஒரு தட்டை வைத்து, கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். ஆயில் இறங்கும்போது பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மிச்சமும் இறங்கும். எஞ்சின் ஓடக் கூடாது.

5. இறங்கின ஆயிலைப் பாருங்கள். கறுத்திருந்தால் பழசு, அவ்வளவுதான். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மினுமினுவென்று இரும்புத் துகள் நிறைய இருந்தால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. கடைசி ரெண்டுக்கும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

6. கீழ் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மூடுங்கள். கையால் மரை பிடித்த பிறகுதான் ஸ்பானர். அளவாக இறுக்குங்கள்.

7. ஊற்றுவதற்குப் பெரிய சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள், மெடிக்கலில் கிடைக்கும். 20 மில்லி சிரிஞ்சு என்றால் ஆறு தடவைக்கு 120 மில்லி. சிந்தாது, அளவும் தப்பாது. அந்த சிரிஞ்சை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

8. மேல் போல்ட்டை மூடி, சிந்தியதைத் துடையுங்கள். முக்கியமாக டயரிலும் பிரேக் பக்கத்திலும் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஒழுகுதா என்று குனிந்து பாருங்கள்.

9. தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதுங்கள்.

பழைய ஆயிலை வாய்க்கால், கண்மாய், கிணற்றடி எங்கேயும் ஊற்றக் கூடாது. நம்ம பக்கம் தண்ணீரே அபூர்வம், இருக்கிற தண்ணீரையும் கெடுக்க வேண்டாம். கேனில் சேர்த்து, பழைய ஆயிலை எடுத்துக்கொள்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாங்கள் செய்த ரெண்டு தப்பு

எங்கள் தப்பையும் மறைக்காமல் சொல்கிறோம்.

முதல் தப்பு. எஞ்சின் ஆயில் மாற்றப் போய், பின்னால் உள்ள கியர் ஆயில் போல்ட்டைக் கழற்றிவிட்டோம். இறங்கினது கொஞ்சமாக இருக்கிறதே என்று சந்தேகப்படவும் இல்லை. மேலே எஞ்சினில் புது ஆயிலை முழுசாக ஊற்றிவிட்டோம். ஆக, எஞ்சினில் ரெண்டு மடங்கு, கியர் பெட்டியில் ஒன்றுமே இல்லை. நல்லவேளை, ஓட்டுவதற்கு முன்னாடி ஒரு அக்கா எஞ்சின் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தார். இப்போது எங்கள் வண்டிகள் எல்லாவற்றிலும் கியர் ஆயில் போல்ட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் பொட்டு வைத்திருக்கிறோம். சிரிக்காதீர்கள், அந்தப் பொட்டு ஒரு எஞ்சினைக் காப்பாற்றும்.

ரெண்டாவது தப்பு. ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ஸ்பானரில் குழாயை மாட்டி இறுக்கினோம். மரை போய்விட்டது. பெட்டி அலுமினியம், போல்ட் இரும்பு. பலம் காட்டினால் அலுமினியம்தான் தோற்கும். புதுசாக மரை வெட்டியதற்குக் கொடுத்த காசில் நாலு தடவை கியர் ஆயில் மாற்றியிருக்கலாம்.

எதைத் தொடக் கூடாது?

பெல்ட் கவரை வீட்டில் கழற்றாதீர்கள். பல வண்டிகளில் கிக்கர் ஸ்பிரிங் அந்தக் கவரிலேயே இருக்கிறது. தட்டைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் முகத்தில் அடிக்கும். கவர் திறந்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. முந்தானையோ விரலோ பெல்ட்டில் மாட்டினால் திரும்பக் கிடைக்காது.

கழற்றுவது மெக்கானிக் வேலை. ஆனால் கேட்பதும் பார்ப்பதும் நம் வேலை. பொதுவாக இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் பெல்ட் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. சரியான கணக்கு கையேட்டில் இருக்கும். அதற்கு முன்பே ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பெல்ட்டின் உள்பக்கப் பல்லில் வெடிப்பு இருக்கா, ஓரம் பிசிறாக இருக்கா, அகலம் குறைந்திருக்கா, ரோலர் உருண்டையாக இருக்கா சப்பையாக இருக்கா என்று கேளுங்கள். மாற்றினால் பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். இது சந்தேகப்படுவது இல்லை. நாம் அரிசி வாங்கும்போது கையில் அள்ளிப் பார்ப்பதில்லையா, அது மாதிரிதான். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே ஒரு மெக்கானிக் அண்ணன்தான்.

செலவில்லாத பராமரிப்பு

நம்ம ஓட்டுகிற பழக்கத்தை மாற்றினாலே பாதிப் பராமரிப்பு முடிந்தது.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். கிளட்ச் கட்டை உரசி உரசிக் கருகும்.

மேட்டில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை வைத்தே வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். பிரேக்கைப் பிடியுங்கள்.

சுமையோடு கிளம்பும்போது வெடுக்கென்று முறுக்காதீர்கள். மெதுவாக நகர்த்தி, பிறகு வேகம் எடுங்கள். கையேட்டில் எவ்வளவு எடை என்று எழுதியிருக்கும். தண்ணீர்க் குடம் ரெண்டு, புல்லுக்கட்டு ஒன்று, பின்னால் மாமியார் என்றால் எந்த பெல்ட்டும் பாவம்.

ஓடையில் தண்ணீர் போகும்போது வண்டியை இறக்காதீர்கள். பெல்ட் அறைக்குள் தண்ணீர் போனால் வழுக்கும். கழுவும்போதும் இடது பக்கக் கவரில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். சில வண்டிகளில் பெல்ட் அறைக்குக் காற்றுப் போகத் தனி ஃபில்டர் இருக்கும். நம்ம பக்கத்துப் புழுதிக்கு அதைச் சீக்கிரமே சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

நின்றுபோன வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று முயற்சி செய்யாதீர்கள். கியர் வண்டிக்குத்தான் அது நடக்கும்.

எக்ஸ்.எல். வைத்திருப்பவர்களுக்கு

டி.வி.எஸ். குடும்பம் முதலில் பஸ் ஓட்டியது. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50-தான் நம் நாட்டில் ரெண்டு பேர் உட்காரும் முதல் மொபெட். அந்த வம்சத்து எக்ஸ்.எல்.-இல் பெல்ட் கிடையாது, ஒரே கியர், தானாகப் பிடிக்கிற கிளட்ச், கடைசியில் செயின். நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100-இல் கிளட்சும் எஞ்சின் ஆயிலில்தான் நனைகிறது. அதனால் எஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே கிளட்சையும் கவனித்த மாதிரி. செயினுக்குத் துடைத்து ஆயில் போடுங்கள், தளர்வைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிற மின்சார ஸ்கூட்டிக்கு இந்த பெல்ட், கிளட்ச், கியர் ஆயில் எதுவும் இல்லை. அதன் கவனிப்பு வேறு, இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

கார் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு

நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகள் சிலர் வெளியூரில் கார் ஓட்டுகிறார்கள். அவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆட்டோமேட்டிக் காரில் பல வகை உண்டு. 2014-இல் மாருதி செலெரியோவில் வந்து பரவிய ஏ.எம்.டி. வகை, சாதாரண கியர் பெட்டிதான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் இயந்திரம் செய்கிறது. இன்னொரு வகையில் நம்ம ஸ்கூட்டி மாதிரியே பெல்ட், ஆனால் இரும்பு பெல்ட், ஆயிலுக்குள் ஓடும். மற்றொன்றில் எஞ்சின் வேகத்தை ஆயிலே கடத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயில் வேறு. மாற்றி ஊற்றினால் பெட்டியே போய்விடும்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். ராத்திரி காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஆயில் சொட்டு இருந்தால் காட்டுங்கள். அளவு பார்க்கும் குச்சி இருந்தால் கையேட்டில் சொன்ன முறைப்படி பாருங்கள். ஆயில் கருகின வாசம் அடித்தாலோ பால் மாதிரி இருந்தாலோ மெக்கானிக் வேண்டும். பல புதிய கார்களில் குச்சியே கிடையாது. அதை நாமாகத் திறக்க வேண்டாம்.

கார் முழுசாக நின்ற பிறகே ரிவர்ஸ் போடுங்கள். ஓடும்போது நியூட்ரலில் போட்டு உருட்டாதீர்கள். பழுதானால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். பல ஆட்டோமேட்டிக் கார்களை ஓட்டுகிற சக்கரம் தரையில் உருளும்படி இழுத்தால் உள்ளே ஆயில் ஓடாமல் கெட்டுவிடும். தூக்கிக்கொண்டு போகிற வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

குழுவாகச் செய்யக்கூடியது

இப்போது எங்கள் குழுவில் ரெண்டு ஏற்பாடு வைத்திருக்கிறோம்.

ஒன்று, வண்டி நோட்டு. சேமிப்புப் பாஸ் புத்தகம் மாதிரியே வண்டிக்கும் ஒரு நோட்டு. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பெல்ட், எப்போது, எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு செலவு. வண்டிக் கடன் கேட்பவர்கள் இந்த நோட்டுப் போடச் சம்மதித்த பிறகுதான் கடன் கொடுக்கிறோம்.

ரெண்டு, பொதுக் கருவி. ஸ்பானர், தட்டு, புனல், சிரிஞ்சு எல்லாம் குழுக் காசில் ஒரே ஒரு செட். யாருக்கு வேணுமோ எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை தனியாகச் செய்யக் கூடாது, ஏற்கெனவே செய்த ஒருவர் கூட நிற்க வேண்டும் என்பது விதி.

பூக்காரத் தங்கச்சி விட்டுப்போன ரெண்டு தவணையையும் கட்டி முடித்துவிட்டாள். அன்றைக்குக் கடிந்துகொண்டதற்கு நாங்கள் அவளிடம் மன்னிப்பும் கேட்டோம். தெரியாததற்குத் திட்டினோம், எங்களுக்கும் தெரியாது என்பதை மறந்துவிட்டு. போன மாசம் எங்கள் குழுவில் நாலு வண்டிக்குக் கியர் ஆயில் மாற்றினோம். சிரிஞ்சு பிடித்தது அவள்தான்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பீரோவிலோ பரணிலோ கிடக்கிற வண்டிக் கையேட்டைத் தேடி எடுத்து, கியர் ஆயில் என்ற பக்கத்தைப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு ரெண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். நாங்கள் கருவியோடு வருகிறோம். வாசலிலேயே சேர்ந்து செய்து பார்ப்போம்.